புள்ளி மூஞ்சி

குட்டை நெல்லை முதலில் அவமானப்படுத்தியது பக்கத்தில் நின்ற நெட்டை நெல்தான்.

பனியோடு வந்த பூஞ்சணம் இலையில் ஒட்டியதும், அதற்குத் தீனி கிடைக்கக் கூடாதென்று குட்டை அந்த இடத்தைத் தானே புள்ளியாகக் கருக்கிக்கொண்டது. பூஞ்சணம் பட்டினியில் செத்தது.

“என்னடா புள்ளி மூஞ்சி! வந்தவனுக்கு ஒரு வாய் சோறு போட்டா குறைஞ்சா போயிடுவே?” என்று நெட்டை சிரித்தது.

நெட்டை போட்ட சோற்றில் பூஞ்சணம் பெருகியது. காற்றடிக்கும்போதெல்லாம் அதன் பிள்ளைகள் நூறு நூறாகக் குட்டையின் மேல் விழுந்தன. குட்டை விழுந்த இடத்தையெல்லாம் கருக்கிக்கொண்டே இருந்தது. கதிர் பால்பிடிக்கும்வரை பச்சை மிஞ்சுமா?

ஒரு காலையில் நெட்டையின் கழுத்து கறுத்திருந்தது.

“அண்ணே, எப்படிண்ணே கருக்குறது?”

“அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லு. அப்புறம் சொல்றேன்.”

நெட்டை சொல்ல வாயெடுத்தது. அதற்குள் கழுத்து ஒடிந்து கதிர் சாய்ந்தது.

மன்னிப்பு வரவில்லை. செத்த நெட்டையைத் தொட்டுக்கொண்டு, பூஞ்சணத்தின் பிள்ளைகளோடு காற்றுதான் வந்தது. குட்டை, தன்னிடம் மிச்சமிருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டது.