கடைசி இரண்டு வரி

"அக்கா, கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டிடுங்கோ. மிச்சம் எல்லாத்தையும் உள்ளபடி வாசியுங்கோ."

கும்பிடாத குறையாகக் கேட்டான் ஆனந்தராஜா. நோர்பரியில் அவன் வீட்டு முன்னறை. தத்தெடுக்கும் விஷயமாக நகரசபைக் கவுன்சிலில் இருந்து அதிகாரி மிஸ் பார்க்கர் வர இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

மெற்றில்டா கவுன்சிலின் மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல்லையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு வேலை பார்ப்பவள். கோலியர்ஸ் வுட்டில் பஸ் பிடித்து வந்தவளுக்குக் கோட்டைக் கழற்றக்கூட அவன் நேரம் கொடுக்கவில்லை.

கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து கனகாம்பிகை எழுதியிருந்தாள். ஆனந்தராஜாவுக்குத் தூரத்து உறவு. புருசன் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடியில் போய்விட்டான். இப்போது அங்கே ஒரு லொட்ஜில் சமைக்கிறாள். ஆறு வயது மகள் துஷ்யந்தியும் அவளும் படுப்பது அந்தச் சமையலறையிலேயே.

'பிள்ளையை உங்களிட்டை முழுமனதோடை விடுறன். உங்கடை பிள்ளையாய் வளருங்கோ.'

அதுவரைக்கும் சரி. பிறகுதான் அந்த இரண்டு வரி.

'படிச்சு முடிஞ்சதும் என்னட்டை அனுப்பிவிடுங்கோ. அதுவரைக்கும் வருசத்துக்கு ஒருக்கால் கண்ணிலை காட்டினால் போதும்.'

மெற்றில்டா நிமிர்ந்தாள்.

"தம்பி, இவ வளர்க்கக் குடுக்கிறதா எல்லோ நினைச்சிருக்கிறா? ஊரிலை தங்கச்சியின்ரை பிள்ளையை அக்கா வளர்க்கிற மாதிரி. இஞ்சை கோர்ட்டிலை தத்து எழுதினால், பிறகு சட்டப்படி அவ தாயே இல்லை."

"தெரியும் அக்கா. அதை நான் பிறகு பக்குவமாச் சொல்லுவன். மிஸ்ஸுக்கு இப்ப தெரிஞ்சால் பைலை மூடிப்போடுவா."

"மூடத்தானே வேணும்?"

"இஞ்சை வந்தால் பிள்ளை நல்லா இருக்கும் அக்கா. நீங்களே சொல்லுங்கோ, அந்தச் சமையலறையிலை என்ன இருக்கு?"

"தாய் இருக்கிறா."

அவன் குரல் உடைந்தது.

"பதினாலு வருசம் அக்கா. ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு நாங்கள் போகாத வெள்ளி இல்லை. எனக்காக வேண்டாம், இவளுக்காக."

அவன் மனைவி தவநாயகி குசினி வாசலில் நின்றாள். வாய் திறக்கவில்லை. எல்லாம் அவளுக்கும் சம்மதம்தான் போலிருந்தது. ஏன் இராது? மாடியில் சின்ன அறைக்குப் பெயின்ற் அடித்துக் கட்டில் வாங்கிப் போட்டவள் அவள். ஆறு வயதுக்குச் சப்பாத்து என்ன அளவு என்று கடை கடையாய் விசாரித்தவளும் அவள்தான்.

"என்னாலை ஏலாது தம்பி. உள்ளதைத்தான் வாசிப்பன்," என்றாள் மெற்றில்டா கறாராக.

வாசல் மணி அடித்தது.

மிஸ் பார்க்கர் நல்ல மனுசி. தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு, பைலை மடியில் விரித்து, "தாயின் கடிதத்தைக் கேட்போமா?" என்றாள்.

மெற்றில்டா ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். 'முழுமனதோடை' வந்தது. 'உங்கடை பிள்ளையாய்' வந்தது. அடுத்த வரிக்குப் போகும்போது தவநாயகியைப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக்கூடாது.

போன வருசம் ஆஸ்பத்திரியில், இனிப் பிள்ளை தங்காது என்று டொக்டர் சொன்னதை இவளுக்குத் தமிழில் சொன்னது, அங்கும் மொழிபெயர்க்கப் போன மெற்றில்டாதான். அன்றும் இதே முகம். இன்னொரு தடவை அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

கடிதத்தை மடித்தாள்.

"அவ்வளவுதான் மிஸ்."

ஒன்பது வருச வேலையில் அது அவளுடைய முதற்பொய். ஆனந்தராஜா விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

மிஸ் பார்க்கர் சிரித்த முகத்தோடு எழுதினாள்.

"தாயின் சம்மதம் தெளிவாக இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான் மிச்சமாக இருந்தது." பிறகு தவநாயகியின் பக்கம் திரும்பினாள். "நான் வரும்போதெல்லாம் உங்கள் கணவர்தான் பேசுகிறார். இன்றைக்காவது நீங்கள் ஏதாவது சொல்லுங்களேன்."

மெற்றில்டா அதைத் தமிழில் சொன்னாள். நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தவநாயகி புருசனைப் பார்க்கவில்லை. மெற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் மிஸ்ஸிட்டைச் சொல்லுங்கோ. கடிதத்திலை இன்னும் இரண்டு வரி இருக்கு. பிள்ளை இல்லாத வீடு எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். அதை அந்தத் தாய்க்குக் குடுக்க என்னாலை ஏலாது."