கப்பலோடு மூழ்கியவன்

கருங்கல் ஊரில் வசிக்கும் ஜாஸ்பின், தன் மாயாஜால நாவல் வரிசையின் மூன்றாம் புத்தகத்தில் தளபதி கொடுவேலனையும் அவன் மாலுமிகள் நாற்பது பேரையும் கப்பலோடு கடலில் மூழ்கடித்திருந்தாள். நான்காம் புத்தகத்தை எழுதத் தொடங்கியதிலிருந்து, காலையில் கணினியைத் திறந்தால் கடைசி வரியில், அவள் எழுதாமலே, கொடுவேலனின் பெயர் இருந்தது. தினமும் அதை அழித்துவிட்டே மேலே எழுதினாள்.

ஒரு நண்பகலில் கணவன் ஷிபின் அறைக்குள் வந்தான்.

"ஏட்டி, ஒன்னத் தேடி ஒரு ஆளு வந்திருக்கு. உடுப்பெல்லாம் நனைஞ்சு சொட்டுது. பேரு கொடுவேலன்னு சொல்லுதான்."

ஜாஸ்பின் எழுந்திருக்கவில்லை.

"அவன் செத்தாச்சு. இந்தப் புத்தகத்துல அவனுக்கு எடமில்லன்னு சொல்லுங்க."

திரும்பி வந்த ஷிபினின் முகம் வெளுத்திருந்தது.

"சொன்னேன். அழுதுட்டே போயிட்டான். ஆனா வாசல்ல இன்னும் நாப்பது பேரு நனைஞ்சு நிக்காவ."

"கதவச் சாத்துங்க," என்று சொல்லிவிட்டு ஜாஸ்பின் அடுத்த வரியை எழுதினாள்.