ஆரஞ்சு வானத்துக்காரன்

"பிள்ளையாரப்பா, இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடு" என்று முணுமுணுத்துக்கொண்டே நஞ்சுண்டன் பூஜை அலமாரியிலிருந்த குங்குமச் சிமிழைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பூனை நடை நடந்து கராஜுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தினான்.

அங்கே ஷெல்ஃபில், பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து, அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். 1953இல் அச்சான பேஸ்பால் அட்டை. பின்னால் ஆரஞ்சு வானம், தலையில் நீலத் தொப்பி, காலண்டர் முருகனுக்குத் தீட்டிய மாதிரி ரோஸ் கன்னம், கீழே பெயர் எழுதிய சிவப்புப் பட்டை, சுற்றிலும் வெள்ளை ஓரம்.

பேஸ்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட நஞ்சுண்டனுக்குத் தெரியாது. வீட்டுப் பழைய சாமான்களை விற்கும் கராஜ் சேலில் விளக்கு வாங்கப் போனவன், பெட்டிக்கடியில் கிடந்த இந்த முகத்தைப் பார்த்துச் சொக்கிப்போனான். மூன்று வருஷமாக, ஆபீஸ் கிளம்புமுன் ஒரு நிமிஷம் இதைப் பார்க்காவிட்டால் காபி குடித்த மாதிரியே இருக்காது.

இன்று பதினோரு மணிக்கு அது கைமாறப் போகிறது. ஃப்ரீமான்ட் ஜம்புநாதன் அங்கிளுக்குப் பழைய அட்டை என்றால் பைத்தியம். இதைக் கொடுத்தால் தன்னுடைய சிவப்பு கொரோலாவைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

மனைவி மரகதம் போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். "கருவேப்பிலை வாங்கக்கூட உங்க மீட்டிங் முடியோணும்" என்று அமெரிக்காவில் இந்த சான் ரமோனுக்கு வந்த நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தவள். அட்டையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"அவனைப் பாக்கற நேரத்துல பாதி நேரம் என்னைப் பாத்திருந்தா, நானும் இந்நேரம் ரோஸ் கலர் ஆயிருப்பேன்" என்பாள். கார் சக்கரத்துக்கடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம் நேற்றே வந்தாகிவிட்டது. அவளிடம் போய், "கொடுக்க மனசில்ல" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் இந்தத் திருட்டு வேலை. 2005இல் செவ்வாய்க்கிழமை வந்த ஆயுத பூஜையை, லீவு கிடைக்காத எல்லோரையும் போல அவர்களும் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மரகதம் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டால் டோஸ்டர், லேப்டாப், டிவி ரிமோட் எதுவும் தப்பாது.

அட்டையிலும் ஒரு பொட்டு இருந்தால் பழி யார்மேல் விழும்? கறை பட்ட அட்டையை அங்கிள் கையாலும் தொடமாட்டார்.

ஆனால் அந்த முகத்தில் பட்டுவிடக் கூடாதே! உறையை உருவி, பல்குத்தும் குச்சி நுனியால், வெள்ளை ஓரத்தில் சிவப்புப் பட்டையை ஒட்டிக் கடுகளவு குங்குமத்தை வைத்தான். மறுபடி உறைக்குள் போட்டு ஷெல்ஃபில் நிறுத்தினான்.

"ஏனுங்க, குங்குமச் சிமிழைப் பாத்தீங்களா?" கதவைத் திறந்துகொண்டு மரகதம் நின்றாள்.

"இங்க இருக்கு. காருக்கு வெக்கலாம்னு எடுத்தேன்."

"நீங்களா? அதிசயந்தான்! கொடுங்க இப்படி. இங்க இருக்கற வேக்குவம் கிளீனருக்கு வெச்சுட்டு வரேன், நீங்க போங்க."

ஒரு வேக்குவம் கிளீனருக்குப் பொட்டு வைக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது.

பதினோரு மணிக்கு வழி பார்த்து அச்செடுத்த மேப்க்வெஸ்ட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கிள் வந்து இறங்கினார். வாசலில் சிவப்பு கொரோலா பளபளத்தது. வெள்ளைக் கையுறை மாட்டி, அட்டையை உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடடா, என்ன கலர்! என்ன கலர்! அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நேத்து பிரிண்ட் பண்ண மாதிரி இருக்கே. ஒரு மரு, மச்சம் கிடையாது!"

நஞ்சுண்டன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். கடுகளவுக் குங்குமம் சிவப்புப் பட்டையோடு ஒண்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றது. தானே விரலை நீட்டிக் காட்டவா முடியும்? அங்கிள் கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தே விட்டார்.

பிறகு அட்டையைத் திருப்பினார்.

"சிவ சிவா!"

பின்பக்கம், அச்சடித்த எழுத்துக்கெல்லாம் நட்டநடுவில், கால் டாலர் காசு அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் கும்மென்று குங்குமம்.

"ஐயோ அங்கிள்!" மரகதம் கன்னத்தில் கை வைத்தாள். "பழக்க தோஷம். கை பாட்டுக்கு வெச்சுடுச்சு போல."

அங்கிளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஆயுத பூஜைப் பொட்டைப் போய் என்னவென்று திட்டுவது? அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

கொரோலா தெருமுனை திரும்பியதும் நஞ்சுண்டனுக்கு ஹாலில் குத்தாட்டம் போடலாம் போலிருந்தது. தன் பொட்டு கைவிட்டாலும் அவள் பழக்கம் காப்பாற்றிவிட்டதே! ஆரஞ்சு வானத்துக்காரன் ஒரு கீறல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பாவம், மரகதத்துக்குத்தான் கார் போயிற்று.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டுக்கொண்டே கிச்சனுக்குப் போனான். அவள் நாலு எலுமிச்சம்பழத்தையும் நறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"லெமன் ரைஸ் பண்ணிடறேன். பழம் வீணாப் போகக் கூடாது பாருங்க."

"விடு மரகதம், வேற கார் பாத்துக்கலாம். தெரியாம வெச்சதுதானே? ஆனாலும், அட்டைக்குப் போயி அவ்ளோ பெரிய பொட்டா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முன்னால நீங்க வெச்சது ரொம்பச் சின்னதா இருந்துச்சுங்க!"