உகிருக்கு ஒரு சாட்சி

"அப்ப உகிருக்குச் சங்கு ஊதிடலாமா?" என்று கேட்டார் அகராதியின் ஆசிரியர்.

அவளுக்குச் சுருக்கென்றது.

அகராதியில் அந்தச் சொல்லின் பதிவை எழுதியவளே அவள்தான். உகிர்: பறவையின் கால் நகம்; விலங்கின் நகம்; மனிதரின் நகம். பழைய பாட்டுகளில் புலியோடும் பருந்தோடும் கம்பீரமாகத் திரிந்த சொல். அக்கம்பக்கத்து மொழிகளில் உகுரு என்றும் கோரு என்றும் அதன் உடன்பிறப்புகள் இன்னும் சௌக்கியமாக இருக்கின்றன. தமிழில் மட்டும் நகம் வந்து அதன் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பதிவு உள்ள பக்கம் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. உயிரோடிருக்கும் ஒருவர் வாயிலிருந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்தச் சொல் வருவதை ஆசிரியர் தன் காதால் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் 'வழக்கொழிந்தது' என்று போட்டுவிடுவார். விதி என்று வந்தால் மனிதர் இம்மியும் அசையமாட்டார்.

அவள் எழுந்தாள். ஆசிரியரைக் கையோடு அழைத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டியிருந்த கோழிக்கடைக்குப் புறப்பட்டாள்.

வழியில் ஒருமுறை நின்றாள். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள்.

வெட்டுக்கட்டைக்குப் பின்னால் கடைக்காரம்மா நின்றிருந்தார். ஆசிரியரை நிமிர்ந்து பார்த்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

ஆயுளில் கோழி வாங்கியறியாத ஆசிரியர், நூலகத்தில் புத்தகம் கேட்பதுபோல் மெல்லிய குரலில் ஒரு கிலோ கேட்டார்.

"காலும் போடவா சார்? உகிர ஒட்ட நறுக்கித் தரேன். இல்லாட்டி கடிச்சுத் தின்னுற பிள்ளைங்க வாயக் கிழிச்சிடும்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு பல் தெரியச் சிரித்தார். அலுவலகத்தில் யாருக்கும் வாய்க்காத காட்சி அது.

அவளுக்குத் தலை கால் புரியவில்லை. காதால் கேட்டாயிற்று. இனி அவரே நினைத்தாலும் உகிரைச் சாகடிக்க முடியாது.

கேட்ட சொல்லைப் பதியும் சொல்லட்டையை அங்கேயே நிரப்பி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது இன்னொரு விதி. ஆசிரியர் கடைப்பலகையில் அட்டையை வைத்து மளமளவென்று எழுதினார். வாசிக்கச் சொல்லி அவளிடம் நீட்டினார்.

கடைசிக் கட்டத்தில், சேகரித்தவருக்கு, அதாவது அவளுக்கு, உறவு என்ற இடத்தில், 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். அதை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதினாள்.

பிறகு தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள். சொல், உகிர். சொன்னவர் தொழில், கோழி வெட்டுதல். சேகரித்தவருக்கு உறவு, பெற்ற தாய்.

கத்திச் சத்தம் நின்றது.

ஆபீஸ்காரர்களோடு நான் வரும்போது என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று, வேலைக்குச் சேர்ந்த அன்று மகள் சொல்லியிருந்தாள். ஏழு வருடமாக அதை ஒருநாளும் மீறாத அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார்.