பனிமலையடிக் குளம்

“இது எந்த ஊர்க் குளம் அக்கா? சொல்லுங்கோ பாப்பம்.”

நீர்ப்பாசனத் திணைக்களத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வினோஜா வெள்ளைப் பலகையைக் காட்டிக் கேட்டாள். தேநீர்த் தட்டோடு வந்த அலுவலக உதவியாளர் சிவலட்சுமி என்னத்தைச் சொல்வாள்? பலகையில் ஒட்டியிருந்த பெரிய வர்ணப் படத்தில், குளத்துக்குப் பின்னால் பனி மூடிய மலை. மலையடியில் ஊசியிலை மரங்கள். கனகராயன்குளம் ஊருக்கு உள்ளே, பாலைமரங்களுக்கு நடுவில் கிடக்கும் நாவல்புலவுக் குளமாம் அது. படத்தின் தலையில் மாக்கரால் அப்படித்தான் எழுதியிருந்தது.

“விடிய வந்து பாக்கிறன், நான் கீறின படத்தைக் காணேல்லை. துடைச்சாச்சு. எங்கட பொறியியலாளர் இன்ரநெற்றில ரெடிமேட் படம் ஒண்டை இறக்கி, வவுனியாவில பிறிண்ட் அடிச்சு, பிளாஸ்ரிக்கும் ஒட்டிக் கொண்டந்திருக்கிறார்.”

“நேத்து நான்தான் மிஸ் பலகையில மாட்டினேன். கிருபன் சேர் மாட்டச் சொன்னாங்க.”

“உங்களில கோவமில்லை அக்கா. மூண்டு நாள் அந்த வெயிலுக்க நடந்து அளந்தனான். கடைசி நாள் தாகம் தாங்கேலாமல், செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு, சேறும் தண்ணியும் மிதிச்சு உங்கட வீட்டுக்கு வந்தெல்லோ தண்ணி வாங்கிக் குடிச்சனான். தண்ணி திறக்கிற துருசு, மூண்டு வாய்க்கால், எங்கெங்க கட்டு உடைஞ்சிருக்கு, ஒரு சாண் விடாமல் கீறினனான்.”

“மூணுதானா மிஸ்?”

“கோப்பில மூண்டுதானே இருக்கு. இண்டைக்குப் பலகையில இருக்கிற வாய்க்காலுக்குத்தான் சீமெந்து. இந்தப் பனிமலையைப் பாத்துப் பணிப்பாளர் என்னத்தை ஒதுக்கப் போறார்?”

சிவலட்சுமி தேநீர்க் கோப்பையை நீட்டினாள். அவள் விரல் நுனியில் நீல மை. தினமும் பலகை துடைக்கிறவளுக்கு அது புதிதில்லை.

பொறியியலாளர் கிருபன் உள்ளே வந்ததும் வினோஜா எழுந்து நின்றாள்.

“சேர், என்ர படத்தில என்ன குறை?”

“குறையில்லைப் பிள்ளை. ஆனா கையால கீறினது கையால கீறினது மாதிரித்தானே இருக்கும். இது டெம்பிளேட். உலகம் முழுக்க இப்ப இப்பிடித்தான். குளம் எண்டாக் குளம்தானே?”

“மலை சேர்?”

“மலையை ஆர் பாக்கப் போகினம்?”

வினோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளத்துப் பக்கம் ஒரு நாளாவது கால் வைத்திருந்தால் இந்தக் கதை கதைப்பாரா மனுசன்?

பத்து மணிக்குப் பணிப்பாளர் வந்தார். கிருபன் கையில் தடியோடு, வராத ஆங்கிலமும் சேர்த்து, தண்ணீர் துருசால் வந்து வயலுக்குப் பாயும் கதையைக் கால் மணி நேரம் சொன்னார். உண்மையிலேயே மலையை யாரும் பார்க்கவில்லை. பணிப்பாளர் பார்த்தது வேறு.

“மிஸ்டர் கிருபன், கடிதத்தில வாய்க்கால் மூண்டு எண்டிருக்கு. படத்தில நாலெல்லோ கிடக்கு?”

கிருபன் திரும்பிப் படத்தைப் பார்த்தார். அவர் அதை எண்ணிப் பார்ப்பதே அப்போதுதான். ஒன்று, இரண்டு, மூன்று, வலது ஓரத்தில் நாலு. அது எங்கேயோ எடுத்த படம் என்று சொன்னால் மானம் போகும். குளத்தைப் பார்க்கவே போகவில்லை என்று சொன்னால் வேலையும் போகும்.

“ஓம் சேர்,” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “நாலுதான். கடிதத்தில ரைப்பிங் பிழை.”

அடப்பாவி என்று நினைத்துக்கொண்டு வினோஜா கதிரையைத் தள்ளி எழும்பினாள். “சேர், அது வந்து...”

அதற்குள் சிவலட்சுமியின் தட்டு சரிந்தது. ஆறிப்போன பிளேன்டீ முழுவதும் வினோஜாவின் சேலையில். “ஐயோ மிஸ், கை தவறிருச்சு, வாங்க கழுவலாம்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாலு வாய்க்காலுக்கும் திருத்தம், நாலுக்கும் சீமெந்து. பணிப்பாளர் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

கார் போனபின், கூட்ட அறையில் வினோஜாவும் சிவலட்சுமியும்தான் மிச்சம்.

“இல்லாத வாய்க்காலுக்குச் சீமெந்து. இப்பிடியும் ஒரு பொய்யா? நாளைக்கே பணிப்பாளருக்குக் கடிதம் எழுதுறன் அக்கா. நாலாவதை நீக்கச் சொல்லி எழுதுறன். என்ர வேலை போனாலும் பரவாயில்லை.”

வினோஜா ஈரத் துணியை எடுத்தாள். இந்தக் கண்றாவியின் தலையில் நாவல்புலவு என்ற பேராவது இருக்கக் கூடாது.

“நான் துடைக்கிறேன், குடுங்க மிஸ்” என்று சிவலட்சுமி அவசரமாக ஓடி வந்தாள்.

“விடுங்கோ அக்கா.”

ஒரே இழுவையில் பேர் அழிந்தது. அந்தக் கோபத்திலேயே துணியைக் கீழேவரை இழுத்தாள். அச்சடித்த மலை அசையவில்லை. மரங்கள் அசையவில்லை. மூன்று வாய்க்காலும் அப்படியே இருந்தன. வலது ஓரத்து நாலாவது மட்டும் துணியோடு வந்துவிட்டது, நீல மையாக.

வினோஜா துணியைப் பார்த்தாள். பிறகு சிவலட்சுமியின் விரலைப் பார்த்தாள்.

“கோப்பில இல்லதான் மிஸ். நாங்க இருவத்திரெண்டு குடும்பமும் சேந்து கையால வெட்டினது, யார் எழுதுவாங்க?” என்றாள் சிவலட்சுமி. “ஆனா இல்லாத வாய்க்கால்னு மட்டும் சொல்லாதீங்க. அன்னிக்கு எங்க வீட்டுக்குத் தண்ணி குடிக்க, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு சேத்துத் தண்ணியில எறங்கி வந்தீங்களே, அதுதான் நாலாவது.”