தண்ணீர் ஊற்றிய இடம்

மின்னணு இசையில் யார் என்ன புதுச் சோதனை செய்தாலும், வெளியான அன்றே கேட்டு அபிப்பிராயம் எழுதிவிடுவாள் பெனிட்டா. பாராட்டு லேசில் வராது. போன மாதம் ஒருவருடைய தொகுப்பை 'எண்ணெய் போடாத ஃபேன்' என்று ஒரே வரியில் முடித்தாள். அப்படிப்பட்டவள் ரூபேஷின் புதுத் தொகுப்பைக் கேட்டு உருகிப்போய் எழுதினாள்: "மூன்றாவது பாட்டின் அடியில் கல்லும் கல்லும் உரசுவது போல ஓர் உறுமல். திடீரென்று யாரோ தண்ணீர் ஊற்றியது போல அது இளகுகிறது. அந்த ஓர் இடத்துக்காகவே இவனைக் கையெடுத்துக் கும்பிடலாம்."

ரூபேஷே போனில் கூப்பிட்டுவிட்டான். "ரொம்ப சந்தோஷங்க. ஆனா அந்தப் பாட்டுல உறுமலே கிடையாதே. வெறும் மணிச் சத்தம்தான் வச்சேன்."

அவனை லைனில் வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் மறுபடி போட்டாள். மணிகள் மட்டும்தான். ஊரையே கிழித்த காது இதுதானா? முகம் சுண்டிப்போய் பாட்டை நிறுத்தினாள். அறை அமைதியான பிறகு, மாடியில் அந்த உறுமல் தொடங்கியது.

செருப்புகூடப் போடாமல் போனும் கையுமாகப் படியேறி ஓடினாள். மேல்வீட்டு சுலோச்சனா கிரைண்டர் முன்னால் நின்றிருந்தார்.

"சத்தம் தொந்தரவா இருக்காம்மா? நிறுத்திடட்டுமா?"

"ஐயோ, நிறுத்தாதீங்கக்கா! கொஞ்சம் தண்ணி விடுங்க!"

சுலோச்சனா ஒன்றும் புரியாமல் ஒரு கை தண்ணீர் தெளித்தார். உறுமல் இளகியது. பெனிட்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனைக் கிரைண்டர் பக்கம் நீட்டினாள்.

 மறுமுனையில் ரூபேஷ் மெல்லக் கேட்டான்:

"அரிசியா, உளுந்தா?"