முழுநிலாவின் பதில்

ஓநாயாக மாறும் பெண்ணைப் பற்றிய நாவலுக்கு மனைவி இணையத்தில் கருத்து எழுதினாள். ‘முழுநிலா’ என்ற புனைபெயரிலிருந்து பதில்மேல் பதில் வந்தது. அவள் போனைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க, கணவனுக்கு வயிறு எரிந்தது.

“நீ எங்கம்மாகிட்ட பேசியே ஒரு மாசமாச்சு. முகம் தெரியாதவன்கிட்ட மட்டும் என்ன சிரிப்பு?”

“உங்கம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இவங்க என் மனசைப் புரிஞ்சு பேசறாங்க.”

அவள் குளிக்கப் போனதும், அவள் போனை எடுத்து அவளே எழுதுவதுபோல் தட்டினான்: “என் கணவர் சந்தேகப்படுகிறார். இனி எழுதாதீர்கள்.”

உடனே பதில் வந்தது: “விட்டுத் தள்ளும்மா. நான் பெத்த மகனும் அப்படித்தான்.”

அப்பாடா, பொம்பளை! நிம்மதியாக அம்மாவின் அறைக்குள் போனான்.

அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“இந்தப் பொண்ணு ஓநாய்க் கதையை எவ்வளவு அழகா அலசியிருக்கா, பாருடா! பாவம், சந்தேகம் பிடிச்ச புருஷன். ஹும், நமக்கும் வாய்ச்சிருக்கே ஒரு மருமக!”